பழைய கம்ப்யூட்டர் ஃபேன் கத்துதா? ஸ்க்ரூ டிரைவர் எடுக்குறதுக்கு முன்னாடி காத வைங்க

எங்க அப்பச்சி 1995ல வாங்குன 486 கம்ப்யூட்டர் (486ங்கறது பிராசஸர் மாடல்) ஒண்ணு வீட்டுல இருக்கு. டிஎக்ஸ்2 66, 8 எம்பி ராம், படுக்க வச்ச கேபினட், அதுக்கு மேல யானை மாதிரி ஒரு மானிட்டர். செட்டிநாட்டுல பள்ளத்தூர் வீட்டு ரெண்டாங்கட்டுல ஒரு ரூம்ல வருஷக்கணக்கா பழைய வேட்டி போத்திக் கெடந்துச்சு. போன சித்திரைல லீவுக்குப் போனப்ப தூக்கிட்டு வந்து நடு முற்றத்துல, அதாவது வளவுல வச்சு ஆன் பண்ணேன் (இத்தன வருஷம் தூங்குன மெஷின உள்ள ஒரு தடவ கூட பார்க்காம நேரா கரண்ட் குடுக்கக்கூடாது, நான் பண்ணது தப்பு, நீங்க பண்ணாதீங்க). ஸ்கிரீன்ல மெமரி எண்ணி முடிக்கிறதுக்குள்ள கிர்ர்ர்ருனு ஆரம்பிச்சது பாருங்க, முகப்புல வெத்தல போட்டுக்கிட்டு இருந்த அப்பத்தா அங்கேர்ந்தே "ஏண்டா தம்பி, பொட்டிக்குள்ள மாவு மில்லா ஓடுது?"ன்னு கேட்டாங்க.

நம்ம ஊரு வீட்டு அமைப்புக்கு இந்த சத்தம் ரெண்டு மடங்காத்தான் கேக்கும். ஆத்தங்குடி கல்லு தரை, வழுவழுன்னு தேய்ச்ச சுண்ணாம்புச் செவுரு, அண்ணாந்து பார்க்குற ஒசரத்துல கூரை, சத்தத்த உறிஞ்சுறதுக்கு ஒரு திரைச்சீலை கூட கெடையாது, வளவுல ஒரு ஸ்பூன் விழுந்தாலே ரெண்டாங்கட்டுல கேக்கும். அதனால இந்த வேலையில எறங்குனேன். ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு, அதுல பத்து நாள் என்னோட முட்டாள்தனத்துக்கு. புதுசா பழைய மெஷின் மேல ஆச வச்சு வாங்குறவங்களுக்கு உபயோகப்படும்னு எழுதுறேன்.

எல்லாரும் பண்ற மொதல் தப்பு, சத்தம்னா உடனே புது ஃபேன் வாங்கப் போறது. அதுக்கு முந்தி எது கத்துதுன்னு கண்டுபிடிங்க. அந்தக் காலத்து மெஷின்ல சுத்துற சாமான் மூணு இருக்கும், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள (வீட்டு கரண்ட்ட மெஷினுக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்குற தகட்டுப் பொட்டி) ஒரு 80 மில்லிமீட்டர் ஃபேன், பிராசஸர் மேல குட்டியா ஒரு 40 மில்லிமீட்டர் ஃபேன் (எல்லா 486லயும் இருக்காது, சிலதுல சூட்ட வெளிய விடுற உலோகத் துண்டு, ஹீட்சிங்க் மட்டும்தான்), அப்புறம் ஹார்ட் டிஸ்க். இதுல ஹார்ட் டிஸ்க்தான் ஏமாத்தும். அந்தக் காலத்து டிஸ்க்கெல்லாம் பால் பேரிங், வயசானா ஙொய்ய்னு மெல்லிசா ஒரு ஊளை வரும், அத ஃபேனுனு நெனச்சு ஃபேன மாத்திட்டு உக்காந்தவங்க உண்டு. அதனால மெஷின ஆஃப் பண்ணி, ஹார்ட் டிஸ்க்குக்குப் போற பவர் கனெக்டர மட்டும் உருவிட்டு மறுபடி ஆன் பண்ணிப் பாருங்க. பூட் ஆகாது, எர்ரர் காட்டும், காட்டட்டும். சத்தம் அப்படியே இருந்தா ஃபேன், காணாமப் போச்சுன்னா டிஸ்க்.

அடுத்து, நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒண்ண எடுத்து முனைய எஸ்எம்பிஎஸ்ஸோட வெளித் தகட்டுல வச்சு (உள்ள இல்ல, வெளிய, ஓட்டைக்குள்ள கண்டிப்பா விடக்கூடாது) கைப்பிடிய காதோரம் எலும்புல அழுத்துங்க. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் மாதிரியே கேக்கும். பழைய கார் மெக்கானிக் இஞ்சினுக்கு இப்படித்தான் பார்ப்பாங்க. பிராசஸர் ஃபேனுக்கு இன்னும் சுலபம், பென்சில் பின்னாடி இருக்க ரப்பர வச்சு ஃபேனோட நடுக் குமிழ மெதுவா ரெண்டு செகண்ட் அழுத்திப் பிடிங்க, நின்னுடும், சத்தமும் நின்னா அதுதான் திருடன். றெக்கையப் பிடிக்காதீங்க, முப்பது வருஷப் பிளாஸ்டிக், பொட்டுனு ஒடஞ்சிரும்.

சத்தத்துலயும் ஜாதி இருக்கு. கரகரன்னு அரைக்கிற மாதிரி, அதுவும் ஆன் பண்ண புதுசுல அதிகமா இருந்து சூடானதும் கொறஞ்சா பேரிங்ல எண்ணெய் வத்திப் போச்சு. டக் டக் டக்குன்னு ஒரே தாளத்துல வந்தா றெக்கை எதையோ தட்டுது, ஒயரோ, வளைஞ்ச கம்பி வலையோ, எங்க மெஷின்ல மாதிரி குளவிக் கூடோ. ம்ம்ம்முனு கேபினட்டே முனகுனா அது அதிர்வு, கேபினட் மேல கைய அழுத்துனதும் கொறையும். வெறும் காத்துச் சத்தம் மட்டும் புஸ்ஸுன்னு வந்தா தூசி அடைச்சிருக்கு, இல்ல அந்த ஃபேனோட பொறவிக் குணமே அதுதான்.

இப்ப திறக்குற வேலை. இங்க கொஞ்சம் நின்னு படிங்க, ஏன்னா எஸ்எம்பிஎஸ் விளையாட்டு சாமான் இல்ல. நம்ம 230 வோல்ட்ட அது உள்ள 325 வோல்ட் டிசியா மாத்தி ரெண்டு பெரிய கெப்பாசிட்டர்ல வச்சிருக்கும், ஒண்ணு ஒண்ணுலயும் 160 வோல்ட் கிட்ட. பிளக்க உருவுனதும் அது ஓடிப்போயிடாது. பிளக்க உருவிட்டு சுவிட்ச ஆன்லயே விட்டு ஒரு கால் மணி நேரம் சும்மா இருங்க, காப்பி குடிங்க. மூடியத் திறந்ததும் கைய வைக்காம மல்டிமீட்டர டிசி 1000 வோல்ட்ல வச்சு அந்த ரெண்டு கெப்பாசிட்டர் காலுலயும் அளந்து பாருங்க, ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல காட்டுனா இன்னும் காத்திருங்க. மல்டிமீட்டர் இல்ல, இல்ல அளக்கத் தெரியாதுன்னா எஸ்எம்பிஎஸ் மூடியத் திறக்காதீங்க, பக்கத்துல டிவி, இன்வெர்ட்டர் ரிப்பேர் பண்றவர்கிட்ட குடுங்க, அவருக்கு இது பத்து நிமிஷ வேலை.

பழைய ஏடி டைப் (486 காலத்து மாடல்) எஸ்எம்பிஎஸ்ல இன்னொரு வில்லங்கம். இப்ப வர்ற மெஷின் மாதிரி முன்னாடி சுவிட்ச்ல 5 வோல்ட் இல்ல, நேரா 230 வோல்ட்டே முன் பக்கம் வரைக்கும் வரும். பழுப்பு, நீலம், கறுப்பு, வெள்ளைனு நாலு ஒயர். இத மாத்திப் போட்டா ஃபேஸும் நியூட்ரலும் நேரா முட்டிக்கும். கழட்டுறதுக்கு முன்னாடி ஃபோன்ல நாலு பக்கமும் போட்டோ எடுங்க, அப்புறமா ஞாபகம் இருக்கும்ங்கறதெல்லாம் நடக்காது. மதர்போர்டுக்குப் போற ரெண்டு நீளக் கனெக்டருக்கும் ஒரு விதி, திரும்ப மாட்டுறப்ப கறுப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் நடுவுல பக்கத்துல பக்கத்துல சேரணும். மாத்தி மாட்டுனா போர்டு போயிடும்.

பின்னாடி சிவப்புல ஒரு குட்டி தள்ளு சுவிட்ச் இருக்கும், 115/230ன்னு, எந்த வோல்ட் கரண்ட்டுன்னு மாத்துறதுக்கு, நமக்கு 230லதான் இருக்கணும். அதத் தொடவே தொடாதீங்க. எங்க ஆச்சி மகன், அதாவது அக்கா பையன், எட்டு வயசு, இன்னொரு எஸ்எம்பிஎஸ்ல அத ஒரு நாள் ஆசையாத் தள்ளி வச்சுட்டான், நான் பார்க்காம பிளக்க சொருகுனேன். ஓலை வெடி மாதிரி ஒரு சத்தம், வீடு பூரா கருகுன வாசம், மெயின் ஃப்யூஸும் போச்சு. அன்னிலேர்ந்து எங்கிட்ட இருக்க எல்லாத்துலயும் அந்த சுவிட்ச் மேல இன்சுலேஷன் டேப் ஒட்டியாச்சு.

மூடியத் திறந்ததும் மொதல்ல தூசி. நம்ம பக்கத்துச் செம்மண்ணும், பழைய கூரைலேர்ந்து உதுர்ற சுண்ணாம்பும் சேந்து கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும். காஞ்ச பெயிண்ட் பிரஷ், ஒரு இஞ்ச் அகலம் போதும். ப்ளோயர் வச்சு ஊதுறவங்க ஃபேன விரலால பிடிச்சுக்கிட்டு ஊதுங்க, காத்துல பம்பரமாச் சுத்தவிட்டு வேடிக்க பார்த்தா பேரிங் இன்னும் கெட்டுப்போகும். எங்க மெஷின்ல தூசிக்கு நடுவுல குளவி மண்ணுக் கூடு கட்டி, அதுல ஒரு துண்டு ஒடஞ்சு ஒரு றெக்கைல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒரு றெக்கை மட்டும் கனமா இருந்தா வண்டிச் சக்கரத்துல பேலன்ஸ் போன மாதிரிதான், சுத்துறப்ப மொத்தமும் ஆடும். ஈரத் துணியால தொடைச்சு எடுத்தேன். பாதிச் சத்தம் அங்கேயே போச்சு.

மீதிப் பாதிக்கு எண்ணெய். இதுதான் இந்தக் கட்டுரைலயே முக்கியமான எடம்.

ஃபேன கழட்டுறதுக்கு முன்னாடி அது காத்த எந்தப் பக்கம் தள்ளுதுன்னு குறிச்சு வைங்க. அந்தக் கால எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் சூட்ட வெளிய தள்ளும், ஸ்டிக்கர் இருக்க பக்கம் வெளிய பார்த்து இருக்கும். ஓரத்துல ரெண்டு அம்புக்குறி கூட போட்டிருப்பாங்க, ஒண்ணு சுத்துற திசை, ஒண்ணு காத்து போற திசை. நாலு ஸ்க்ரூவயும் எடுத்து ஃபேன வெளிய கொண்டு வந்தா, நடுவுல வட்டமா ஒரு ஸ்டிக்கர். அத நகத்தால பாதி வரைக்கும் தூக்குங்க, முழுசா உரிச்சா திரும்ப ஒட்டாது. அடியில சின்ன ரப்பர் மூடி இருந்தா ஊசியால நெம்பி எடுங்க. உள்ள கம்பி மாதிரி தண்டோட நுனி தெரியும், அதச் சுத்தி வெள்ளப் பிளாஸ்டிக்ல ஒரு சின்ன வளையம். காஞ்ச ஃபேன்ல அந்தக் குழியப் பார்த்தா கறுப்பா கண் மை மாதிரி இருக்கும், தொட்டா பிசுபிசுக்கும். காதுக்குச்சில ஸ்பிரிட் தொட்டு அத வழிச்சு எடுங்க, குச்சி வெள்ளையா வர்ற வரைக்கும்.

அப்புறம் தையல் மிஷின் எண்ணெய், ரெண்டே சொட்டு. இந்த மாதிரி ஃபேன்ல தண்டு ஒரு பித்தளை மாதிரி குழாய்க்குள்ள சுத்தும், ஸ்லீவ் பேரிங்னு பேரு, அந்தக் குழாய்ல கண்ணுக்குத் தெரியாத துளை நெறைய இருக்கும், எண்ணெய அதுக்குள்ள குடிச்சு வச்சுக்கிட்டு கொஞ்சங் கொஞ்சமாக் கசியவிடும். வருஷம் ஆக ஆக காஞ்சுபோறதாலதான் அரைக்கிற சத்தம். அதனால ரெண்டு சொட்டு விட்டு, விரலால இருபது தடவ சுத்தி, அஞ்சு நிமிஷம் விட்டு, குடிச்சிருச்சுன்னா இன்னொரு சொட்டு. மேல வழியுற அளவுக்கு விட்டா ஸ்டிக்கர் ஒட்டாது, எண்ணெய் பறந்து தூசியத்தான் கூப்பிடும். விளிம்பச் சுத்தமா தொடைச்சிட்டு ஸ்டிக்கர அமுக்குங்க, ஒட்டலைன்னா இன்சுலேஷன் டேப்ப வட்டமா வெட்டி ஒட்டுங்க.

நான் மொதல்ல என்ன பண்ணேன் தெரியுமா, சோம்பேறித்தனத்துல அடுப்படிலேர்ந்து நல்லெண்ணெய் கொண்டாந்து விட்டேன். என்ன அமைதி! அப்பத்தாவே வந்து பார்த்துட்டுப் போனாங்க. ஒரு பத்து நாள்ல மறுபடி கரகரன்னு ஆரம்பிச்சுது, முந்தியவிட மோசமா. திறந்து பார்த்தா அதிரசப் பாகு மாதிரி திரண்டு தூசியோட இறுகிப் போயிருக்கு. சமையல் எண்ணெய் பெரும்பாலும் சூட்டுல நாளாக நாளாக பிசினா மாறும், தேங்காயெண்ணெய்யும் வேண்டாம், மார்கழிக் காலைல உறைஞ்சு போகும். துருவ எடுக்க அடிக்கிற ஸ்ப்ரேயையும் அடிக்காதீங்க, இருக்க கொஞ்ச எண்ணெயையும் கழுவிட்டு அதுவும் ஆவியாப் போயிடும், ஒரு வாரம் அமைதி, அப்புறம் பழைய குருடி கதவத் திறடிதான்.

என்னோட நல்லெண்ணெய்ப் பாக எடுக்குறதுக்கு ஃபேன முழுசாப் பிரிக்க வேண்டியதாப் போச்சு. அந்த வெள்ள வளையத்துல ஒரு பக்கம் வெட்டு இருக்கும், அங்க குண்டூசிய விட்டு நெம்புனா வந்துரும், ஆனா கடுகு மாதிரி தெறிச்சு ஓடும். அதனால ஃபேனையும் கையையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவருக்குள்ள விட்டுக்கிட்டு நெம்புங்க. ஆத்தங்குடி கல்லுல பூப்போட்ட டிசைன்ல வெள்ள வளையம் விழுந்தா தேடி எடுக்கவே முடியாது, நான் டார்ச் வச்சு அரை மணி நேரம் தவழ்ந்தேன். றெக்கை தனியா வந்ததும் தண்டுல சின்னச் சின்ன வாஷர் இருக்கும், எது மேல எது கீழன்னு வரிசையா வச்சு போட்டோ எடுங்க.

எண்ணெய் விட்டும் சத்தம் போகல, றெக்கையப் பிடிச்சு ஆட்டுனா பக்கவாட்டுல தளதளன்னு ஆடுதுன்னா பேரிங் தேஞ்சாச்சு. லேபிள்ல பால் பேரிங்னு போட்டிருந்தாலும் எண்ணெய் ரொம்ப நாள் தாங்காது. அப்பதான் புது ஃபேன். வாங்குறப்ப 80க்கு 80, தடிமன் 25 மில்லிமீட்டர், 12 வோல்ட், ஸ்க்ரூ ஓட்டைக்கு ஓட்டை 71.5 மில்லிமீட்டர், இது இன்னிக்கும் மாறாத அளவு. காரைக்குடில சிசிடிவி, கம்ப்யூட்டர் கடைகள்ல கேட்டுப் பாருங்க, இல்லாட்டி மெட்ராஸ் போறவங்ககிட்ட ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கிட்டு வரச் சொல்லலாம். ஒயர் கலர்ல மட்டும் ஏமாறாதீங்க. ஃபேன்ல சிவப்பு ஒயர்தான் 12 வோல்ட்டுக்குப் போகணும், ஆனா டிஸ்க்குக்கு வர்ற நாலு முள்ளு கனெக்டர்ல சிவப்பு 5 வோல்ட், மஞ்சள்தான் 12. சிவப்போட சிவப்பச் சேர்த்துட்டு ஃபேன் ஏன் தூங்கி வழியுதுன்னு கேக்குறவங்க நெறைய.

ஃபேன் நல்லாத்தான் இருக்கு, காத்துச் சத்தம் மட்டும் ஜாஸ்தின்னா வேகத்தக் கொறைக்கலாம். வேகத்துல 20 சதவீதம் கொறைச்சா காத்தும் 20 சதவீதம் கொறையும், சத்தம் கிட்டத்தட்ட 5 டெசிபல் கொறையும், காதுக்கு அது நல்லாவே தெரியுற வித்தியாசம். குளிர் நாட்டுக்காரங்க மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவுல ஃபேன மாட்டி 7 வோல்ட்ல ஓட்டுவாங்க. எனக்கு அந்த வேலையே பிடிக்காது, ஃபேன் ஷார்ட் ஆனா 12 வோல்ட் நேரா 5 வோல்ட் லைனுக்குள்ள போயிடும், மதர்போர்டுல இருக்க சிப்பெல்லாம் அந்த லைன்லதான் இருக்கு. போதாததுக்கு பழைய ஃபேன் சிலது 7 வோல்ட்ல கெளம்பவே கெளம்பாது. அதுக்குப் பதிலா 12 வோல்ட் ஒயர்ல வரிசையா ஒரு ரெசிஸ்டர் போடுங்க. 0.15 ஆம்பியர் ஃபேனுக்கு 22 ஓம், 1 வாட் போட்டா ஒன்பது ஒன்பதரை வோல்ட் கெடைக்கும். 33 ஓம் போட்டா எட்டரை, அது மார்கழிக்கு சரி, நம்ம ஊரு அக்னி நட்சத்திரத்துக்கு வேண்டாம். வீட்டுக்குள்ளயே 38 டிகிரி இருக்கப்ப எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள எவ்வளவு இருக்கும்னு நெனச்சுக்கங்க. கெப்பாசிட்டருக்கு ஒவ்வொரு 10 டிகிரி கூடுறப்பவும் ஆயுசு பாதியாகும்னு ஒரு கணக்கு உண்டு.

ஃபேனையே கழட்டிட்டா என்னன்னு ஒருத்தர் கேட்டாரு. 1980ல ஆப்பிள் 3னு ஒரு மெஷின ஃபேனே இல்லாம விட்டாங்க, சூட்டுப் பிரச்சனைக்குப் பேர் வாங்குனதுதான் மிச்சம். முடியாது சார், கழட்டாதீங்க.

அதிர்வுச் சத்தத்துக்கு காசே வேண்டாம். சைக்கிள் கடைல பழைய டியூப் துண்டு ஒண்ணு வாங்கி, காசு அளவுக்கு வட்டமா வெட்டி நடுவுல ஓட்டை போட்டு ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவுல நாலு மூலைலயும் வைங்க, ஸ்க்ரூவ முறுக்கித் தள்ளாம அளவா இறுக்குங்க. ஆனா எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் கேபினட்டுக்கும் நடுவுல ரப்பர் வைக்காதீங்க, கேபினட்டுக்கு எர்த் வர்றதே அந்தத் தகடும் ஸ்க்ரூவும் தொடுறதாலதான். எர்த்துன்னதும் ஞாபகம் வருது, பழைய வீடுகள்ல மரச்சட்டத்துல ஓடுற ரெண்டு ஒயர் வயரிங் இன்னும் இருக்கு, அதுல மூணு முள்ளு பிளக்க அடாப்டர் போட்டு சொருகுனா கேபினட்ட தொடுறப்பல்லாம் சுருக்குனு இருக்கும். எஸ்எம்பிஎஸ் ஃபில்டர்ல இருக்க கெப்பாசிட்டர் வழியா பாதி வோல்ட்டேஜ் தகட்டுக்கு வர்றதுதான் அது. மெஷின் கெட்டுப்போகல, எர்த் இல்ல. எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டு எர்த் இழுங்க, அது வரைக்கும் வெறுங்கால்ல நின்னு ஓட்டாதீங்க. கேபினட்ட கல்லுத் தரைல நேரா வைக்காம தேக்கு பெஞ்சுல ஒரு கயித்துப் பாய நாலா மடிச்சுப் போட்டு வச்சதுல எங்க வீட்டு முனகல் அடங்கிப் போச்சு. பின் பக்கம் செவுத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், இல்லாட்டி வெளிய விட்ட சூட்டயே திரும்ப இழுக்கும்.

பிராசஸர் மேல இருக்க குட்டி ஃபேனுக்கும் இதே வைத்தியம்தான், ஆனா அதுல எண்ணெய் நிக்குறதே கம்மி, 40க்கு 40, 10 மில்லிமீட்டர் தடிமன்ல புதுசு போட்டுடறது நல்லது.

கேபினட் திறந்திருக்கப்பவே இன்னொண்ணும் பாருங்க. அந்தக் கால 486 போர்டு பலதுல கீபோர்டு சொருகுற எடத்துக்குப் பக்கத்துல நீலக் கலர்ல பீப்பா மாதிரி ஒரு குட்டி பேட்டரி இருக்கும், 3.6 வோல்ட். அது கசிஞ்சு பச்சையாப் பூத்து போர்டுல கரண்ட் போற மெல்லிசுக் கோடுகளையெல்லாம் அரிச்சுடும். எங்களுதுல அப்பதான் பூக்க ஆரம்பிச்சிருந்துச்சு. வெட்டி எடுத்துட்டு, வினிகர் தொட்டு தேச்சு, அப்புறம் ஸ்பிரிட்ல தொடைச்சேன். ஃபேன் கத்தலைன்னா நான் மூடியத் திறந்தே இருக்க மாட்டேன்.

எல்லாம் மாட்டியாச்சா, மூடிய மூடி, மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க. ஏடி எஸ்எம்பிஎஸ்ஸ மதர்போர்டோ டிஸ்க்கோ மாட்டாம தனியா ஓட்டிப் பார்க்காதீங்க, லோடு இல்லாம பலது கெளம்பாது, நீங்க ரிப்பேருன்னு பயந்துருவீங்க. பின்னாடி கைய வச்சா வெதுவெதுன்னு காத்து வரணும், மெல்லிசா ஒரு டிஷ்யூ பேப்பர நீட்டுனா வெளிப்பக்கமா பறக்கணும். கை வைக்க முடியாத அளவுக்கு சுட்டா ரெசிஸ்டர எடுத்துடுங்க, சத்தம் கொஞ்சம் இருந்துட்டுப் போகட்டும்.

எடுத்த பழைய ஃபேன தூக்கிப் போடாதீங்க, ஒரு கவர்ல போட்டு கேபினட் மூலையில, காத்துக்குக் குறுக்க வராத எடத்துல வைங்க. எண்ணெய் விட்டவங்க ஸ்டிக்கர் மேல சின்னதா தேதிய எழுதி வைங்க. எங்களுதுல 'சித்திரை, ம.எண்ணெய்'னு எழுதியிருக்கேன், ம.ன்னா மிஷின், நல்லெண்ணெய் இல்லன்னு எனக்கு நானே சொல்லிக்கிறதுக்கு.